மாப்பிள்ளை குளத்தில் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு, மாலை ஐந்து மணி.

நெல்லித்திடல் தாமரைக்குளத்தில் முதலில் தெரிந்தது புகைக்குழாய்தான். அதைப் பார்த்தவர் ரெத்தினம், விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். பொதுக்கூட்டம் முடிந்து, தோளில் கொடியோடு தென்னந்தோப்பின் குறுக்கே வந்தவர், தண்ணீருக்கு மேலே நட்டுக்கொண்டு நின்ற கறுப்புக் குழாயைப் பார்த்தார். அதற்குக் கீழே சிவப்பாக ஏதோ பெரிதாக மூழ்கிக் கிடப்பதையும் பார்த்தார். நியாயமாக உடனே கூச்சல் போட்டிருக்க வேண்டும். அவர் முதலில் சிரித்தார். கொடியைத் தரையில் ஊன்றி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆசை தீரச் சிரித்துவிட்டுத்தான் கூச்சல் போட்டார். அந்தச் சிரிப்பு மறுநாள் போலீசில் அவருக்கு எதிரான சாட்சியமாக நின்றது.

குளத்தில் கிடந்தது மிராசுதார் இராஜாங்கத்தின் டிராக்டர். குளமும் அவருடையதுதான். நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வந்த புதிது அது. ஆள் வைத்து உழுதால்தானே கூலித் தகராறு என்று கணக்குப் போட்டு, அந்த வட்டாரத்திலேயே முதலாவதாக இராஜாங்கம் அதை வாங்கியிருந்தார். ஊர் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது. வந்த நாளிலிருந்து வேலை செய்ததை விட நின்றதுதான் அதிகம். எந்த நேரத்தில் என்ன குணத்தில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வாங்கி வந்த பாவத்துக்கு வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவும் முடியாது.

அன்று பிற்பகல் ஊரே மைதானத்தில் ஆளுங்கட்சிக் கூட்டத்தில் இருந்தது. மிராசுதாரின் மனைவி அம்சவல்லிகூட முன்வரிசை நாற்காலியில் இருந்தார். கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் தப்பிக்கக்கூடாது என்று ஊர் முழுக்கத் தென்னை மரங்களில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். இராஜாங்கம் போகவில்லை. உச்சவரம்பு என்ற சொல் காதில் விழுந்தாலே அவர் எழுந்து போய்விடுவார். பிறகு கேட்டபோது, மாடியறையில் படுத்துத் தூங்கினேன் என்றார்.

ரெத்தினத்தின் கூச்சலுக்குக் குளக்கரையில் ஊர் கூடியது. யாரு வேலைங்க இது, என்று யாரோ இராஜாங்கத்தைக் கேட்டார்கள். அவர் புகைக்குழாயைப் பார்த்தார், கொடியோடு நின்ற ரெத்தினத்தைப் பார்த்தார்.

"எவனோ திருடிக்கிட்டுப் போயிருக்கான்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் போதும். இருட்டுவதற்குள் டிரைவர் சிங்காரவேலுவைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

திங்கள், காலை எட்டு மணி.

மேலத்திடல் ஸ்டேஷன் ஏட்டு கண்ணுசாமி ஜீப்புக்குப் பின்னால் சைக்கிளில் மிராசுதார் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஜீப்பில் இடம் இருந்தது. ஆனால் புதிதாக வந்திருக்கும் சப்-இன்ஸ்பெக்டரோடு உட்கார்ந்தால் வழியெல்லாம் சட்டப்பிரிவு எண்களைக் கேட்டுக்கொண்டே வர வேண்டும். கண்ணுசாமிக்கு எண்களில் ருசி இல்லை. அவருக்கு ருசி இருந்தது இரண்டே விஷயங்களில். ஒன்று வத்தக்குழம்பு. மற்றது, ஒருவர் பொய் சொல்லும்போது அதில் எந்தத் துணுக்கு மட்டும் உண்மை என்று கண்டுபிடிப்பது.

சப்-இன்ஸ்பெக்டர் வழக்கை முடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சிங்காரவேலு கூலிக்காரத் தெருப் பையன். டிராக்டர் ஓட்டுறதால தெருவுல அவனைக் கருங்காலிங்கிறாங்க. நாங்க வேணுமா டிராக்டர் வேணுமான்னு சங்கத்துல கேட்டிருக்காங்க. தெருவுல நல்ல பேரு வாங்க குளத்துல இறக்கிட்டான். சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தஞ்சாவூர் கோர்ட்டுக்குக் கொண்டுபோறேன்."

"அவன் என்ன சொல்றான் ஐயா?"

"கூட்டத்துக்குப் போகலையாம். போனா ரெண்டு பக்கமும் ஏசுவாங்களாம். வாய்க்கால்ல குளிச்சிட்டு மரத்தடியில தூங்கினானாம். தனியா."

"தூங்குறதை யாரும் சாட்சி வச்சுக்கிட்டுச் செய்யறதில்லைங்களே" என்றார் கண்ணுசாமி.

வாசலில் சிங்காரவேலுவின் மனைவி காளியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். விடியும் முன்பே வந்துவிட்டவள். அழுதிருந்தாள், ஆனால் இப்போது அழவில்லை.

"ஏட்டய்யா, ஒரு தடவை ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா அவருக்கு எவன் வண்டி குடுப்பான்? தெருவுல கருங்காலி, பண்ணையில திருடன். நாங்க எந்தப் பக்கம் போய் நிக்கிறது?"

"வண்டின்னா அவனுக்கு ரொம்பப் பிரியமா?"

"என்னை விடவுங்க. தெனமும் காலையில வண்டியில ஏறி கியர்க் கம்பியைப் போட்டுக் கடக் கடக்குன்னு அடிப்பாரு. அந்தச் சத்தத்துலதான் எங்க தெருவே முழிக்கும். அந்த வண்டியையா அவரு தண்ணியில தள்ளுவாரு?"

கண்ணுசாமி தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

இராஜாங்கம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத புது வேட்டி. தோளில் சரிகைத் துண்டு. அந்தத் துண்டுக்கு ஊரில் ஒரு சரித்திரம் உண்டு. சிங்காரவேலுவின் அப்பா காலம் வரை, இந்த வாசலுக்கு வரும் கூலியாட்கள் தங்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். சிங்காரவேலு மட்டும் தோளில் போட்டபடியே டிராக்டரில் ஏறுவான். மற்ற மிராசுதார்கள் இதை ஒரு குறையாகச் சொல்லும்போதெல்லாம், மெஷினுக்குப் பக்கத்துல இடுப்புத்துணி தொங்கக்கூடாதாம், என்று இராஜாங்கம் ஒரு விஞ்ஞான விளக்கம் கொடுத்துச் சமாளித்து வந்தார்.

அம்சவல்லி காபி கொண்டுவந்தார். இராஜாங்கம் டம்ளரை இடது கையால் வாங்கினார். வலது கை துண்டுக்குள்ளேயே இருந்தது.

"நேத்து எதுவும் கேக்கலைங்களா?" என்றார் கண்ணுசாமி.

"ஒலிபெருக்கியில அந்தப் போடு போடுறான். என்ன கேக்கும்?"

"மாடி ஜன்னல்லேருந்து, வண்டி நிக்கிற களம் தெரியுமுங்களா?"

"தெரியும். ஆனா நான் தூங்கிட்டேன்."

"சாவி?"

"வண்டியிலேயே கிடக்கும். என் களத்துல வந்து எவன் தொடுவான்னு இருந்தேன்."

வீட்டின் பின்கட்டில் இன்னொரு சாட்சி கிடைத்தாள். நாகூரிலிருந்து மாதம் ஒருமுறை வளையல் விற்க வரும் சஃபியா. முந்தின நாள் மத்தியானம் அம்சவல்லிக்காகக் காத்திருந்து, பின்கட்டு நிழலில் கூடையோடு உட்கார்ந்திருந்தவள். அங்கிருந்து களம் தெரியாது, சத்தம் மட்டும் வரும்.

"என்ன கேட்டீங்கம்மா?"

"மொதல்ல கடக் கடக் கடக்குன்னு கம்பிச் சத்தம். முன்னயும் பின்னயும் போட்டு அடிக்கிற மாதிரி. இந்த ஊர்ல ராத் தங்குனா காலையில கேக்குமே, அதே சத்தம். அப்புறம் வண்டி கிளம்புச்சு. கிளம்பினதும் அரிசி மிஷின்ல கல்லு விழுந்தாப்புல ஒரே கறகறப்பு."

"வேற ஏதாச்சும்?"

"கொஞ்சம் தள்ளி யாரோ மாட்டு வண்டிக்காரங்க ஹோ ஹோன்னு மாட்ட நிறுத்துனாங்க. அவ்வளவுதான். நான் கண்ணயந்துட்டேன்."

சப்-இன்ஸ்பெக்டர் தொடையைத் தட்டினார். கடக் கடக் என்றால் சிங்காரவேலுதானே.

ரெத்தினத்தையும் விசாரித்தார்கள். சிரித்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்.

"டிராக்டரை எதிர்க்கிறதா சங்கத்துல தீர்மானம் போட்டிருக்கோம். குளத்துல தள்ளுறதா போடலை. தீர்மானத்துல இல்லாததை நாங்க செய்யறதில்லை."

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"சைக்கிளே தெரியாது. கொடியைப் புடிச்சுக்கிட்டு எங்கேருந்து ஓட்டுறது?"

அந்தக் கடக் கடக் என்ன என்பதைச் சொல்ல மெக்கானிக் மீரா உசேன் வர வேண்டியிருந்தது. ஒரத்தநாட்டு ரோட்டில் பட்டறை வைத்திருப்பவர். ஞாயிறு முழுக்க நாகூரில் தங்கை மகள் நிக்காஹில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். சாப்பிட்டவர்கள் அத்தனை பேரும் சாட்சி.

"கியர் பெட்டிக்குள்ள கியரைப் புடிச்சுத் தள்ளுற கவை ஒண்ணு தேஞ்சு போச்சு ஏட்டய்யா. மெட்ராஸ்லேருந்து வரணும், வருது வருதுங்கிறான். அதுவரைக்கும் இந்த வண்டியில கம்பி ஒரு இடத்துல இருக்கும், உள்ள கியர் வேற இடத்துல இருக்கும். ஒரே மாதிரி இழுத்தாலும் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வழுக்கிடும். கம்பியைப் பாத்து எதையும் நம்ப முடியாது. கியர்ல நிக்கிறது தெரியாம ஸ்டார்ட் பண்ணினா பாய்ஞ்சு எதிர்ல உள்ள சுவத்தை எடுத்துடும்."

"அப்ப எப்படித்தான் ஓட்டுறது?"

"அதுக்கு ஒரு முறை கண்டுபுடிச்சுக் குடுத்தேன். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கம்பியை முன்னால ஒரு தள்ளு, பின்னால ஒரு இழுப்பு, இடப்பக்கம் ஒரு தட்டு. மறுபடியும் அதே. மறுபடியும் அதே. உள்ள அது எந்தக் கியர்ல இருந்தாலும் சரி, நடுவுல வழுக்கினாலும் சரி, வழுக்காட்டாலும் சரி, கடைசித் தட்டுல நியூட்ரல்ல வந்து நின்னுடும். எங்க இருந்துச்சுன்னு நமக்குத் தெரிய வேண்டியதில்லை. எங்க வந்து நிக்கும்னு தெரிஞ்சா போதும்."

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் சிங்காரத்துக்கும்தான்."

"அவ்வளவுதான்" என்று சப்-இன்ஸ்பெக்டர் எழுந்தார். "நீங்க நாகூர்ல. மிச்சம் ஒருத்தன்."

லாக்கப்பில் இருந்த ஒருத்தனைக் கண்ணுசாமி போய்ப் பார்த்தார். இருபத்தைந்து வயது, நல்ல உயரம். உள்ளங்கையில் சுற்றிச் சுற்றித் துண்டைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"என்னப்பா, கையில என்ன காயம்?"

"காயமில்லைங்க. பழக்கம். கியர்க் கம்பியில குமிழ் போயிடுச்சு, முனை வெட்டும். துண்டைச் சுத்திக்கிட்டுத்தான் அடிப்பேன்."

"ஏன் காலையில மட்டும் அப்படி அடிக்கிறே?"

"சாயங்காலம் களத்துல நிறுத்துனா தெருப் பசங்க ஏறி ஆடுவாங்க. கம்பியை என்ன செஞ்சு வச்சிருக்காங்கன்னு நமக்கு எப்படிங்க தெரியும்?"

"நேத்து எப்ப நிறுத்துனே?"

"மத்தியானம். கூட்டம்னு பாதியில விட்டாச்சு. நியூட்ரல்ல போட்டேன், காலை எடுத்தேன், இன்ஜின் ஓடுது, வண்டி அசையாம நின்னுச்சு. அணைச்சுட்டு வந்துட்டேன். பசங்க எல்லாரும் கூட்டத்துல மிட்டாய் குடுக்கறாங்கன்னு ஓடிட்டாங்க." அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஏட்டய்யா, வண்டியை எப்ப வெளிய எடுப்பீங்க? தண்ணி ரொம்ப உள்ள போயிருக்கும்."

ஜெயிலுக்குப் போகப் போகிறவன் வண்டிக்காகக் கவலைப்படுவதைப் பார்த்துக் கண்ணுசாமிக்கு மனசு கனத்துவிட்டது. ஆனால் மனசு கனத்ததை ரிமாண்டு ரிப்போர்ட்டில் எழுத முடியாது.

திங்கள், பகல் ஒன்றரை மணி.

கண்ணுசாமி சாப்பிட வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி ஞானாம்பாள் வாசலிலேயே எதிர்கொண்டார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். விசிறியைக் கையில் கொடுத்தார். ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். அதன் பிறகுதான், என்ன ஆச்சு, என்று வாயைத் திறந்தார்.

இது அந்த வீட்டின் வழக்கம். கண்ணுசாமி கோபத்தோடு வரலாம், எகத்தாளத்தோடு வரலாம், யாரையோ அடிக்க நேர்ந்த வருத்தத்தோடு வரலாம். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முகம் எப்போதும் ஏட்டு முகம். தண்ணீர், விசிறி, மோர் என்ற வரிசை முடிந்தால், எப்படி வந்தவரும் வெறும் பசித்த மனிதராக ஆகிவிடுவார். பசித்த மனிதரை எப்படி நடத்துவது என்று ஞானாம்பாளுக்கு நன்றாகத் தெரியும்.

இலையில் கை வைக்கும்போது வாசலில் ஒரு கான்ஸ்டபிள் வந்து நின்றான். எஸ்.ஐ. ரிமாண்டு தாள்களோடு காத்திருக்கிறாராம், ஏட்டு வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். கண்ணுசாமி வாசலுக்குப் போய், தெரு கேட்கும்படி நாலு வார்த்தை சொல்லிவிட்டு, அதே வேகத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு மோர் குடு."

"எதுக்கு?" என்று ஞானாம்பாள் நேராகச் சோற்றைப் போட்டு வத்தக்குழம்பை ஊற்றினார்.

"வெளியேருந்து வந்தா மோர் குடுப்பியே."

"வாசல்ல நின்னு கத்துனது எனக்குக் கேட்டுச்சு. கோவமா வர்றீங்கன்னு தெரியும். தெரிஞ்ச கோவத்துக்கு நேரா வத்தக்குழம்பு. தண்ணியும் விசிறியும் மோரும், நீங்க எப்படி வர்றீங்கன்னு தெரியாத நேரத்துக்கு."

கண்ணுசாமியின் கை சோற்றிலேயே நின்றது.

"திருப்பிச் சொல்லு."

"ஆறிடும், சாப்பிடுங்க."

"ஞானம், திருப்பிச் சொல்லு."

"தெரியாதவங்களுக்குத்தாங்க முழு முறையும். தெரிஞ்சவங்க எதுக்கு மெனக்கெடணும்?"

கண்ணுசாமி சாப்பிட்டு முடித்தார். எவ்வளவு பெரிய உண்மை கிடைத்தாலும் வத்தக்குழம்பைப் பாதியில் விட்டு எழுகிற ஜாதி இல்லை அவர். பிறகு சைக்கிளை எடுத்தார்.

திங்கள், மாலை நான்கு மணி.

மாப்பிள்ளையைக் குளத்திலிருந்து மாடுகள் இழுத்துக்கொண்டு வந்தன. கூலிக்காரத் தெருவிலிருந்து ஐந்து ஜோடி. ரெத்தினமே முன்னால் நின்று நடத்தினார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, "இதுக்குக் காசு வாங்குனா பாவம். டிராக்டரை மாடு இழுக்குறதைப் பாக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றார்.

வண்டி களத்துக்கு வந்ததும் மீரா உசேன் கியர் பெட்டியைத் திறந்தார். எண்ணெய்க்குள் விரலை விட்டுத் துழாவி எதையோ எடுத்துக் கண்ணுசாமியின் உள்ளங்கையில் வைத்தார். பளபளவென்று நாலைந்து இரும்புத் துணுக்குகள்.

"பல்லு உடைஞ்சிருக்கு. புது உடைசல். கிளட்ச்சை மிதிக்காம கியரைப் போட்டா இப்படித்தான் ஆகும். இடது காலால மிதிச்சுக்கிட்டு மாத்துனாத்தான் வண்டி நோகாது. சிங்காரம் தூக்கத்துல ஓட்டுனாக்கூட இதைச் செய்யமாட்டான்."

கண்ணுசாமி துணுக்குகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சப்-இன்ஸ்பெக்டரிடம் வந்தார். தஞ்சாவூருக்குக் கிளம்பிய ஜீப்பில் சிங்காரவேலுவும் இருந்தான்.

"ஐயா, சிங்காரவேலுவைக் கொஞ்சம் வண்டியில ஏறச் சொல்லுங்க. அந்தக் கடக் கடக்கைச் செஞ்சு காட்டட்டும். நாம மாடியிலேருந்து பார்ப்போம். அய்யாவும் வாங்க" என்று இராஜாங்கத்தையும் கூப்பிட்டார்.

மாடியறை ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி களத்தைப் பார்த்துப் போட்டிருந்தது. உட்காரும் இடம் நன்றாகக் குழிந்திருந்தது. கீழே சிங்காரவேலு ஏறி உட்கார்ந்து, துண்டைக் கையில் சுற்றி, கம்பியை முன்னே தள்ளிப் பின்னே இழுத்து இடப்பக்கம் தட்டினான். மூன்று முறை.

"என்ன தெரியுதுங்க?" என்றார் கண்ணுசாமி.

"கை தெரியுது" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"கால்?"

சப்-இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். பெரிய சக்கரத்தின் மேல் கவிந்திருந்த மட்கார்டு இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் மறைத்திருந்தது.

"தெரியலை."

"சரிங்க. இப்ப என் கணக்கைச் சொல்றேன். நேத்து வண்டியை எடுத்த ஆள் முழு முறையும் செஞ்சிருக்கார். சஃபியாம்மா கேட்டாங்க. அதை வச்சுத்தான் நாம சிங்காரவேலுவைப் புடிச்சோம். அதை வச்சுத்தான் அவனை விட்டிருக்கணும்."

"எப்படி?"

"அந்த முறை, வண்டி எந்த நிலையில இருக்குன்னு தெரியாதவனுக்கு. மத்தியானம் நியூட்ரல்ல போட்டு நிறுத்துனதே சிங்காரவேலு. ஏறி ஆட பசங்களும் இல்லை. அவன் எடுத்திருந்தா சாவியைத் திருப்பி நேரா போயிருப்பான். கடக் கடக்குன்னு ஊரைக் கூட்டமாட்டான், அதுவும் திருட வந்த இடத்துல. முறையைச் செஞ்சவருக்கு, வண்டி எப்படி நிக்குதுன்னும் தெரியாது, அந்த முறை எதுக்குன்னும் தெரியாது. தினம் காலையில பாத்திருக்கார். இதைச் செஞ்சாத்தான் வண்டி கிளம்பும்னு மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணியிருக்கார். ஆனா பாதி மந்திரம். கையைக் கத்துக்கிட்டார், காலைக் கத்துக்கலை. அதனாலதான் கியர்ப் பல்லு போச்சு. வண்டி கிளம்புனதும் நிறுத்தறதுக்கு எதை மிதிக்கணும்னு தெரியலை. அப்ப வாயில என்ன வரும்? சின்ன வயசுலேருந்து வில்வண்டியில போய்ப் பழகுனவருக்கு, ஹோ ஹோ."

சப்-இன்ஸ்பெக்டரின் வாய் சற்றுத் திறந்துகொண்டது. "அந்த மாட்டு வண்டி."

"நேத்து ஊர்ல இருந்த வண்டி மாடு அத்தனையும் கூட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போயிடுச்சுங்க. மைதானத்துல நானே வரிசையா நிறுத்தி வச்சேன். கையைப் பாத்து, காலைப் பாக்காம, இந்த வித்தையைக் கத்துக்கக்கூடிய இடம் உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான். இந்த நாற்காலி." கண்ணுசாமி திரும்பினார். "அய்யா, வலது கையைக் கொஞ்சம் காட்டுங்க. காலையில காபியை இடது கையில வாங்குனீங்க. உங்க வீட்டுச் சின்னப் புள்ளைகூட அப்படிச் செஞ்சா கன்னத்துல ரெண்டு வைப்பீங்க."

இராஜாங்கம் மறுப்பதற்காக நெஞ்சை நிமிர்த்தினார். அப்போது கதவோரம் அம்சவல்லி வந்து நின்றார். கையில் ஈரம் சொட்டும் ஒரு மூட்டை.

"நெல்லுப் பத்தாயத்துக்குப் பின்னால கிடந்துச்சு" என்று மூட்டையைத் தரையில் வைத்தார். "நேத்துக் கட்டியிருந்த வேட்டி. மூணு தடவை தோச்சுட்டேன், குளத்துப் பாசி போகலை. நீங்களா சொல்லுவீங்கன்னு நேத்துலேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். அந்தப் பொண்ணு விடியறதுக்கு முன்னாடியே வாசல்ல வந்து நிக்குது."

இராஜாங்கம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். துண்டுக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. உள்ளங்கையில், குமிழ் இல்லாத கம்பி வெட்டிய நீளக் காயம்.

"என் வண்டி" என்றார் தாழ்ந்த குரலில். "வாங்கின நாள்லேருந்து ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்னு ஆசை. ஒரே ஒரு சுத்து, களத்துக்குள்ளயே."

"அவன்கிட்ட கேட்டா சொல்லிக் குடுத்திருப்பானே" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"அதுல ஒரு சீட்டுதான் இருக்கு. நான் உக்காந்தா அவன் மட்கார்டு மேல, என் தலைக்கு மேல உக்காரணும். அவன் உக்காந்தா நான் அவன் காலடியில நிக்கணும். ஊர் பாக்குற களத்துல ரெண்டுல எதைங்க செய்யறது?" காயத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "குளத்துலேருந்து ஏறி, வேட்டியை மாத்திக்கிட்டு வந்து சொல்லத்தான் நெனச்சேன். ரெத்தினம் அந்தச் சிரிப்பு சிரிச்சுட்டு நிக்கிறான். திருடன்னு வாயில வந்துடுச்சு. பேர் நான் சொல்லலை."

"பேர் சொல்லலை. அவனைப் புடிச்சப்ப பேசாமயும் இருந்தீங்க" என்றார் கண்ணுசாமி. அந்த வீட்டில் முதன்முறையாக அவர் குரலில் கோபம் இருந்தது. விசிறியும் மோரும் அங்கே இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் பிரிவு எண்களை யோசித்தார். சொந்த வண்டியைச் சொந்தக் குளத்தில் இறக்குவதற்குப் பிரிவு இல்லை. பொய்ப் புகாருக்கு உண்டு. அதற்குள் கீழே களத்தில் சிங்காரவேலு, காதில் எல்லாம் விழுந்தும் விழாதவன் போல, வண்டியிலிருந்து தாமரைக்கொடிகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

எல்லோரும் இறங்கி வந்தார்கள். களத்தைச் சுற்றி ஊர் நின்றது.

"புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார் இராஜாங்கம், சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்து.

"தாள்ல வாபஸ் வாங்கறது இருக்கட்டுங்க" என்றான் சிங்காரவேலு. குரலை உயர்த்தவில்லை. "திருடன்னு ஊர் முன்னாடி சொன்னீங்க. இல்லைன்னும் ஊர் முன்னாடி சொல்லணும்."

ரெத்தினம்கூடச் சிரிக்கவில்லை. தன் தெருவில் கருங்காலி என்று பட்டம் கொடுத்த பையனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இராஜாங்கம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "சிங்காரவேலு எடுக்கலை. நான்தான் எடுத்தேன். எனக்கு ஓட்டத் தெரியலை."

கடைசி வாக்கியத்துக்கு மட்டும் கூட்டத்தில் லேசாக ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. காளியம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ரிமாண்டு தாள்களை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளி, காலை ஏழு மணி.

மீரா உசேன் பல் உடைந்த கியரை மாற்றிக் கொடுத்திருந்தார். மெட்ராஸ் கவை இன்னும் வரவில்லை. கண்ணுசாமி ரோந்து என்ற பெயரில் நெல்லித்திடலுக்கு வந்து, களத்து ஓரம் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றார். ரெத்தினமும் நாலு பேரும் வரப்பில் நின்றார்கள்.

சிங்காரவேலு சீட்டில் இருந்தான். இராஜாங்கம் வண்டிக்குப் பக்கத்தில், தரையில் நின்றார். மாடி ஜன்னல் சாத்தியிருந்தது.

"சொல்லிக் குடுப்பியா?" என்றார். வழக்கமாக அந்தக் கேள்வியின் முடிவில் வரும் 'டா' அன்றைக்கு வரவில்லை. சற்று யோசித்து, "சொல்லிக் குடுங்க தம்பி" என்று திருத்திக்கொண்டார்.

"முன்னால தள்ளி, பின்னால இழுத்து, இடப்பக்கம்..." என்று அவரே கையை நீட்டி ஆரம்பித்தார்.

"கையைப் பாத்தது போதுங்க அய்யா" என்றான் சிங்காரவேலு. "என் காலைப் பாருங்க."

கால் கீழே, மட்கார்டுக்கு உள்ளே இருந்தது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். இராஜாங்கம் குனிந்தார். தோளிலிருந்து சரிகைத் துண்டு நழுவி முகத்தில் விழுந்து மறைத்தது. விலக்கினார், மறுபடி விழுந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் இடுப்புத்துணி தொங்கக்கூடாது என்ற விஞ்ஞானம் அன்றைக்கு அவர் நினைவுக்கு வரவில்லை. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, திரும்பவும் குனிந்து பார்த்தார்.